கஸ்பாரின் கை பூட் ஆகவில்லை

கஸ்பாரின் வலது கை சாப்பாட்டு மேசை மேல், ரப்பர் விரிப்பில் மல்லாந்து கிடந்தது. கஸ்பார் அடுக்களையில் நின்று இடது கையால் முட்டை உடைக்கப் பழகிக்கொண்டிருந்தார். பாதி முட்டை கிண்ணத்துக்கும் பாதி தரைக்கும் போய்க்கொண்டிருந்தது. அவர் மனைவி ஜெனோவா மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தக் கையின் மணிக்கட்டிலிருந்து ஒரு வயரை இழுத்து மடிக்கணினியில் செருகியிருந்தாள். திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓடி, ஓரிடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றன.

"கெர்னல் பேனிக்," என்றாள் ஜெனோவா.

"அப்படின்னா?"

"பதறிப்போச்சுன்னு அர்த்தம்."

"அதுவுமா? இந்த வீட்டுல நான் ஒருத்தன் பதறுறது பத்தாதா?" என்று கேட்டுவிட்டு கஸ்பார் இன்னொரு முட்டையைத் தரைக்கு அனுப்பினார்.

தூத்துக்குடியில் மக்ரூன் போடுகிறவர்கள் பலர் உண்டு. கஸ்பாரின் மக்ரூனுக்கு மட்டும் நுனி வளையாது. முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் பொங்கப் பொங்க அடித்து, முந்திரிப் பொடியைக் கலந்து, காகிதக் கூம்பில் அடைத்துத் தட்டில் பிழிய வேண்டும். பிழிகிற விரல் ஒரு நூல் அதிகமாக அழுத்தினால் மக்ரூன் சப்பையாகும். குறைத்து அழுத்தினால் வால் முளைக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் பேக்கரியின் மாவு பிசையும் இயந்திரம் அவருடைய வலது கையை முழங்கைக்குக் கீழே வாங்கிக்கொண்டபோது, இனி இவர் பிழிந்தபடிதான் என்று ஊரே முடிவு கட்டியது. ஆனால் அப்போதுதான் அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் கைகள் வந்தன. நரம்போடு பேசுகிற கை, சூடும் குளிரும் மென்மையும் தெரிகிற கை. கஸ்பார் அதை மாட்டிக்கொண்ட மூன்றாம் மாதமே பழைய ஸ்டூலில் போய் உட்கார்ந்து நுனி வளையாமல் பிழிந்தார்.

அந்தக் கையில் ஒரு வில்லங்கம் இருந்தது. இரவில் கழற்றிச் சார்ஜில் போட்டுவிட்டுக் காலையில் மாட்டினால், அது எங்கோ இருக்கும் கம்பெனி சர்வரைக் கூப்பிட்டு, எழுந்திருக்கலாமா என்று கேட்கும். சர்வர் பதில் சொன்னால்தான் விரல் அசையும். இந்த வருஷம் ஆடி மாதம் கம்பெனி திவாலானது. சர்வரை அணைத்தார்கள். உலகமெங்கும் சில ஆயிரம் கைகள் ஒரே காலையில் எழாமல் போயின.

நீதிமன்றம் ஒன்று தலையிட்டு, கையின் மூலநிரலைப் பொதுவில் வைக்கச் சொன்னது. கம்பெனியும் வைத்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில் தொடங்கி நகக்கண் உணர்வு வரைக்கும் மொத்தத்தையும் மூட்டையாகக் கட்டிக் கொட்டிவிட்டு, அதை எப்படிச் சேர்த்துக் கட்டுவது என்று ஒரு வரிகூட எழுதாமல் போனது.

ஜெனோவா ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவள். பழைய சர்வர்களுக்கு லினக்ஸின் மூலநிரலைக் கம்பைல் செய்து, ஓடும் புரோகிராமாக்கி ஏற்றிப் பழக்கமுண்டு. அந்தத் தைரியத்தில், "இதென்ன பெரிய கம்பசூத்திரமா? நான் பாத்துக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாய்க்கு இப்போது மூன்றாவது மாதம்.

"பதறினதுக்கு என்ன காரணமாம்?" கஸ்பார் கைக்குட்டையால் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

ஜெனோவா திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சீ! கையோட புரோகிராம் எல்லாம் ஒரு சிப்புக்குள்ள இருக்கு. அந்தச் சிப்பைத் திறக்கத் தெரிஞ்ச டிரைவர்ங்கிற சின்னப் புரோகிராமை நான் அந்தச் சிப்புக்குள்ளயே வச்சிட்டேன்."

"வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டே."

"அதேதான்."

"மாதா கோயில் திருவிழா அன்னைக்கு நெசமாவே அப்படிப் பூட்டின ஆளுதானே நீ."

அவள் அதைக் காதில் வாங்காத பாவனையில் டிரைவரைக் கெர்னலோடு சேர்த்தே கம்பைல் செய்யப் போட்டாள். மறுநாள் கெர்னல் பதறவில்லை. கொஞ்சம் கூடுதலாக எழுத்துகள் ஓடின. அதற்குப் பிறகு, முதலில் ஓட வேண்டிய புரோகிராமைக் காணவில்லை என்று சொல்லி நின்றது. ஜெனோவா போய்ப் பார்த்தால் அந்தப் புரோகிராம் இருக்க வேண்டிய இடத்தில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை கோயிலுக்கு வந்துட்டாரு. ஆனா அவர் கோட்டு இன்னும் தையக்கடையில இருக்கு," என்று கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னாள். "அந்தப் புரோகிராமுக்குத் துணையா ஒரு லைப்ரரி வேணும். அதை நான் ஏத்தல. கோட்டு இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே? மாப்பிள்ளையே வரலன்னு சொல்லுது பாருங்க, கழுத!"

கஸ்பார் சிரித்தார். அவர் சிரித்து நாளாகியிருந்தது. ஜெனோவாவுக்கு அந்தச் சிரிப்பே பாதிச் சம்பளம் வாங்கிய மாதிரி இருந்தது.

பேக்கரி முதலாளி நல்லவர். கை தூங்கிப்போனதிலிருந்து கஸ்பாரைப் பில் போடும் இடத்தில் உட்கார வைத்திருந்தார். ஆனால் கிறிஸ்துமஸுக்கு மக்ரூன் வெளியூருக்கெல்லாம் டின் டின்னாகப் போகும். "டிசம்பர் பிறந்தா எனக்குப் பிழியிற ஆள் வேணும் கஸ்பார். உன் ஸ்டூல்ல வேற ஆளை நிரந்தரமாப் போடணுமா வேண்டாமான்னு நீயே சொல்லிரு," என்று கேட்டிருந்தார். கஸ்பார் அதை வீட்டில் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகுதான் இந்த இடது கை முட்டைப் பயிற்சி தொடங்கியது.

லைப்ரரியை ஏற்றிய பிறகு மூன்றாவது தகராறு வந்தது. முந்தைய இரண்டையும்விட இதுதான் மோசம். கை எந்தப் பிழையும் சொல்லவில்லை. எழுத்துகள் ஓடின, முக்கால்வாசி தூரம் வந்தன, நின்றன. அவ்வளவுதான். திட்டுகிற இயந்திரத்தோடு எப்படியாவது மல்லுக்கட்டி விடலாம். பேசாமல் உட்கார்ந்திருக்கும் இயந்திரத்தை என்ன செய்வது?

நடுவில் ஒரே ஒரு முறை அது எழுந்தது. கஸ்பார் பேக்கரியிலிருந்து எரிச்சலோடு வந்து, "இன்னைக்கும் இல்லையா?" என்று மேசையில் ஓங்கிக் குத்தினார். ரப்பர் விரிப்பில் கிடந்த ஐந்து விரல்களும் பட்டென்று விரிந்தன. இருவரும் வாயைப் பிளந்தார்கள். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் பழைய குருடி கதவைத் திறடி. ஏதோ ஒரு வயர் லூசாக இருக்கிறது என்று முடிவு செய்த ஜெனோவா, அந்த வாரம் முழுக்க உருப்பெருக்கிக் கண்ணாடியும் கையுமாக ஒவ்வொரு இணைப்பையும் சோதித்தாள். ஒரு வயரும் லூசாக இல்லை. அவள்தான் லூசாகிக்கொண்டிருந்தாள்.

கை தூங்கிப்போனவர்களுக்குள் ஒரு குழு இருந்தது. அதில் சங்கரன்கோவிலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஆவுடைத்தாய் தினமும் போன் பண்ணிவிடுவாள். வீட்டில் தனிக்கட்டை. பேச்சில் மட்டும் நாலு பேர் இருக்கிற வீட்டுச் சத்தம்.

"தாயி, என் கை எப்போ முழிக்கும்? கஸ்டமர் வாரான், ரெண்டு பக்கமும் எடுக்கணுங்கான். எனக்கே ஒரு பக்கந்தான் இருக்கு, உனக்கு எங்கேருந்துடா ரெண்டு பக்கம் எடுக்கன்னு கேட்டுட்டேன்."

"இந்த வாரம் பாத்துருவோம்க்கா," என்பாள் ஜெனோவா. அவள் இதே வார்த்தையைப் பல வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, கஸ்பார் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். வெளியே மழை பிடித்திருந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"போதும் ஜெனோ. எடுத்துப் பெட்டியில வச்சிரு. நாளைக்கு முதலாளிட்ட, வேற ஆள் போட்டுக்கிடுங்கன்னு சொல்லிருதேன். பில் போடுறதும் வேலைதானே."

"சும்மா இருங்க."

"நீ மூணு மாசமா சரியா சாப்பிடல. ஒரு கைக்காக ரெண்டு பேரும் நோயாளியாகணுமா?"

ஜெனோவாவுக்கு அழுகை வந்தது. அதை மறைக்கத் திரையைப் பார்த்துக்கொண்டாள். கஸ்பாருக்கும் அவளை அப்படி விட்டுவிட்டுப் போக மனமில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, "சரி, அது கடைசியா என்னதான் சொல்லியிருக்கு?" என்று கேட்டார்.

"ரேண்டம் எண்ணுக்குக் காத்திருக்கேங்குது. அது எப்பவும் வர்ற வரி. நாங்க யாரும் அதைச் சட்டை பண்ண மாட்டோம்."

"அது எதுக்கு?"

"தினம் காலையில உங்க நரம்பும் இந்தக் கையும் தங்களுக்குள்ள புதுசா ஒரு ரகசியச் சொல் வச்சிக்கிடும். இல்லன்னா பஸ்ல பக்கத்துல நிக்கிறவன் அவன் போன்லேருந்து உங்க கையை ஆட்டி வச்சிருவான்."

"எவன் பையிலயாவது விட்டுருவான். தர்ம அடி எனக்கு."

"அதான். அந்தச் சொல்லை யாரும் ஊகிக்க முடியாதபடி செய்யணும். ஆனா மிஷினுக்குத் தானா அப்படி ஒண்ணு யோசிக்க வராது. எத்தனை தடவை கேட்டாலும் ஒரே மாதிரிதான் கணக்குப் போடும். அதுக்கு வெளியேருந்து கொஞ்சம் தாறுமாறு வேணும். யாராவது தட்டுறது, ஆட்டுறது, தொடுறது. அது எந்த நேரத்துல எப்படி வருதுன்னு சேத்து வச்சுக்கிட்டு, அதுலேருந்து சொல்லை உண்டாக்கும். கம்பெனி இருந்தப்போ அவங்க சர்வர்லேருந்தே அனுப்பிட்டாங்க. இப்போ சர்வர் இல்லையா, அதனால இது…"

சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். மேசையைப் பார்த்தாள். ரப்பர் விரிப்பு. கையின் இரண்டு பக்கமும் உருளாமலிருக்க மடித்து வைத்த துண்டு. காற்றுக்கூடப் படக் கூடாதென்று அணைத்து வைத்த மின்விசிறி.

"என்னாச்சு?" என்றார் கஸ்பார்.

"நாம இதைப் பொணத்தைக் கெடத்துற மாதிரி கெடத்தியிருக்கோம்ங்க. அன்னைக்கு நீங்க மேசையில குத்தினீங்க. அதான் எந்திரிச்சுது!"

அவள் கையை எடுக்கப் போனாள்.

"தொடாத!" என்று கஸ்பார் கத்தினார்.

அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. கையை முதன்முதலில் மாட்டிவிட்ட டெக்னீசியன் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தான். கை எழும் நேரத்தில் அசைக்கக் கூடாது, யாரும் தொடக் கூடாது; தொட்டால் விரல்கள் தப்பாக அளவெடுத்துக்கொள்ளும், பிறகு முட்டையைப் பிடித்தாலும் உடைக்கும், ஆளைப் பிடித்தாலும் உடைக்கும். கஸ்பார் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தினமும் விடிந்ததும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கையைத் தலையணை மேல் வைத்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். நாளாக நாளாக அந்தப் பயம் மற்ற நேரத்துக்கும் பரவியது. அவள் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தால் இவர் எழுந்து இடப்பக்கத்தை அவளுக்குக் கொடுத்து உட்காருவார். மெழுகுவர்த்தி ஏந்தி ஊர்வலமாகப் போகும் மாதா கோயில் சுற்றுப்பிரகாரத்திலும் அந்தக் கை சட்டைப் பைக்குள்தான் இருக்கும். ஜெனோவா அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. கேட்காமலிருந்ததும் அவளுக்கு வலித்தது.

"அளவெடுக்கிறது முழிச்ச பொறவுதான்," என்றாள் அவள். "நான் மூலநிரலை முழுசாப் படிச்சிட்டேன். எந்திரிக்கும்போது தொடக் கூடாதுன்னு உள்ள ஒரு காரணமும் இல்ல."

"அப்போ ஏன் அப்படிச் சொன்னான்?"

"எவனாவது விரலை நசுக்கிக்கிட்டுக் கேஸ் போட்டுருவான்னு பயந்திருப்பாங்க. வேற என்ன?"

கஸ்பாரின் முகம் சுருங்கியதை ஜெனோவா பார்த்தாள். தானும் இத்தனை நாள் அதே பழக்கத்தில்தான் கையைத் தொடாமல் சோதித்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்க அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கம்பெனியே போய்ச் சேர்ந்துவிட்டது. அது சொன்னது மட்டும் இவர்கள் வீட்டு மேசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

அவள் கையை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். லேசாகத் தேய்த்தாள், விரல்களை ஒவ்வொன்றாக வருடினாள். திரையில் நின்றிருந்த எழுத்துகள் மடை திறந்த மழைத்தண்ணீர் மாதிரி ஓடின. பிளாஸ்டிக் விரல்கள் மெல்ல மடங்கி அவள் கட்டைவிரலைப் பிடித்தன. நசுக்கவில்லை.

மறுநாள் காலை கஸ்பார் கையை மாட்டிக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். கதவைச் சாத்தப் போகவில்லை. அடுப்புக்கு முன்னால் நின்றிருந்த ஜெனோவாவிடம் வந்து, சுவிட்சைப் போட்டு, இன்னும் அசையாத அந்தக் கையை நீட்டினார்.

"பிடி," என்றார்.

அவள் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் விரல்கள் உயிர் பெற்று அவள் கையைத் திருப்பிப் பிடித்தன. "சூடா இருக்கு உன் கை," என்று சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே போய்ப் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் தட்டு மக்ரூனுக்குக் கொஞ்சம் வால் முளைத்தது. இரண்டாம் தட்டு கஸ்பார் தட்டு. முதலாளி அதில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, டின்களுக்கு ஆர்டர் கொடுக்கப் போனார்.

ஜெனோவா தான் கட்டிய சிஸ்டத்தைக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பினாள். அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தான் சோதித்துப் பார்த்ததை மட்டும்தான் வழிமுறையாக எழுதுவாள். பார்க்காத எதையும் ஊகித்து எழுத மாட்டாள். அவள் சோதித்தது ஒரே விதம். அதனால், கையை மாட்டிக்கொண்டதும் இன்னொருவர் அதைச் சற்று நேரம் பிடித்திருக்க வேண்டும் என்று எழுதினாள்.

ஒவ்வொரு ஊரிலிருந்தும் கைகள் எழுந்த செய்தி வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு அவர் மகள் பிடித்தாள். ஈப்போவில் ஒருவர் வாட்ச்மேனைப் பிடிக்கச் சொன்னார். ஜெனோவாவின் வீட்டிலும் தினமும் காலையில் அதே வழக்கம். டீ கொதிக்கும் நேரத்தில் கஸ்பார் வந்து நிற்பார், கையை நீட்டுவார், அவள் பிடிப்பாள். ஊர்க்கதை பேசுவார்கள். சில நாள் கை எழுந்த பிறகும் பேச்சு முடியாது.

சந்தோஷமாக இருக்கும்போதுதான் ஜெனோவாவுக்கு உறுத்தும். யாருமில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு மனிதன் தன் கையைத் தானே எழுப்பிக்கொள்ள முடியாமல் அக்கம்பக்கத்தாரின் தயவுக்கு நிற்பதா? கம்பெனி சர்வரிடம் கேட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மாட்டியிருப்பவரின் நாடித்துடிப்பிலிருந்தே அந்தத் தாறுமாறை எடுத்துக்கொள்ளும்படி அவள் ஒரு புதுப் பதிப்பைக் கட்டத் தொடங்கினாள். அது முடிந்த அன்று, முதல் வேலையாக ஆவுடைத்தாய்க்குப் போன் போட்டாள்.

"அக்கா, உங்களுக்காகத்தான் ராத்திரி பகலா இதைச் செஞ்சேன். இனி நீங்க யாரையும் கையைப் பிடிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம்."

"நான் எதுக்குக் கெஞ்சுதேன்?"

"அப்போ உங்க கை இன்னும் முழிக்கலையா? கொஞ்ச நாளா உங்க போனையே காணமேக்கா."

"முழிச்சு ரெண்டு வாரம் ஆச்சு. இடது கையாலே நாலு தேய் தேச்சேன், எந்திரிச்சிட்டு. ஆள் வேணும்னு நீ எழுதியிருந்தியா, யாரைத் தேடுறதுன்னு ஒரு நிமிசம் முழிச்சேன். பொறவு நானே ஆளுதானேன்னு நெனச்சுக்கிட்டேன்." ஆவுடைத்தாய் சற்று நிறுத்தினாள். "ஏந் தாயி, உங்க வீட்டுக்காரருக்கு இடது கை நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஜெனோவா. ஆவுடைத்தாய் மறுமுனையில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை டீ கொதித்துக்கொண்டிருந்தது. கஸ்பார் வந்து நின்று கையை நீட்டினார். ஜெனோவா பிடிக்காமல் அடுப்பைக் குறைத்தாள்.

"புதுப் பதிப்பு தயாராயிட்டு. எல்லாருக்கும் அனுப்பியாச்சு. யாரும் பிடிக்க வேண்டாம், தானா எந்திரிச்சிரும். உங்களுக்கும் ஏத்திரட்டுமா?"

கஸ்பார் நீட்டிய கையை மடக்கவில்லை. "இப்போ ஓடுறது நல்லாத்தானே ஓடுது? நல்லா ஓடுறதை நோண்டாதேன்னு நீதானே ஆபீஸ்ல எல்லாரையும் ஏசுவே."

"ஆவுடைத்தாய் அக்கா இடது கையாலயே எழுப்பிக்கிடுதாங்களாம்."

கஸ்பார் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார், பிறகு டீச்சட்டியைப் பார்த்தார். பார்ப்பதற்கு வேறொன்றும் அகப்படவில்லை.

"உங்களுக்கு எப்போ தெரியும்?" என்றாள்.

"முதல் நாளே தெரியும். கையை மாட்டினதும் அங்கன ரூம்லயே இடது கையால தேச்சுப் பாத்தேன். எந்திரிச்சிட்டு." அவர் குரல் இறங்கியது. "அணைச்சிட்டு உன்ட்ட வந்தேன்."

"அணைச்சிட்டா?"

"ஆறு வருசமா கதவைச் சாத்திக்கிட்டு ஒத்தையில உக்காந்து எழுப்பின கை ஜெனோ. இனிமே என்னால அப்படி முடியாது."

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. ஜெனோவா அடுப்பை அணைத்தாள், சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள், அசையாமல் நீண்டிருந்த அந்தக் கையைப் பிடித்தாள்.

புதுப் பதிப்பு அந்த வாரத்துக்குள் எல்லாக் கைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. எந்தக் கையில் எது ஓடுகிறது என்று ஜெனோவாவின் திரையில் தெரியும். எல்லாம் புதிது. தூத்துக்குடியில் ஒன்று மட்டும் இன்னும் பழையதிலேயே ஓடுகிறது. ஏன் என்று குழுவில் கேட்டவர்களுக்கு, சோதனைக்காக வைத்திருக்கிறேன் என்று பதில் எழுதினாள்.